இங்கனயே இரு

குருசங்கரின் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போன வாரத்தில், தண்ணீர் திறந்துவிடுகிற நாளின் காலையில், எங்கள் தெருமுனைக் குழாயடி மேடையில் இரும்புச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் வாள் தொங்கியது, தோளில் ஏதோ மிருகத்தின் தோல் கிடந்தது, செக்கச்செவேலென்ற முடி ஒற்றைப் பின்னலாக முழங்கால் வரைக்கும் இறங்கியது, புருவத்திலிருந்து தாடை வரை பழைய வெட்டுத் தழும்பு ஒன்று ஓடியது. சிவகாசிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வருஷம் பூராவும் சாமி படமும் நடிகை படமும் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவைக்கிறவர்கள் நாங்கள், எந்த நிறத்தில் எந்த முகத்தைப் பார்த்தாலும் அசந்துபோகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்றைக்கு எங்களுக்கிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான், அவள் வரிசையில் முதல் ஆளா இல்லையா என்பது.

குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நில்லு தாயி என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னோம். அவளிடம் குடம் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் தண்ணிக்கு வரலக்கா. இங்கனயே இரு, இந்தா வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். வந்ததும் நாங்க பாட்டுக்குப் போயிருவோம்."

குரல் பெண் குரல்தான். ஆனால் அந்த 'இந்தா'வில் 'தா'வை இழுக்கிற இழுப்பும், சொல்லி முடித்ததும் லேசாகக் கொட்டுகிற உச்சும் அப்படியே செத்துப்போன குருசங்கருடையவை. அவள் காதில் விழுந்த தமிழ் எல்லாம் அவன் வாயிலிருந்து வந்ததுதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை நகர்த்தினோம்.

பேர் கேட்டதற்கு விரேயா என்றாள். அது எங்கள் வாயில் ஒரு நாள்கூட நிற்காமல் வீராயி ஆகிவிட்டது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து ஆதார் அட்டை இருக்கிறதா என்று கேட்டார், வாளைத் தொட்டுப் பார்த்தார், யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதால் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். வார்டு கவுன்சிலர் ஏதோ சினிமாக்காரர்களின் விளம்பரம் என்று முதலில் நினைத்தார், பிறகு மழை வந்தால் நனைவாளே என்று அவரே ஒரு பழைய பேனரைக் கொண்டுவந்து கம்பு நட்டுக் கூரை போட்டுக் கொடுத்தார். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்துக்கு வீராயி ஸ்டாப் என்று பேர் வைத்தார்கள். பூக்காரி அவள் பின்னலில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்துப் பார்த்தாள், பூ நின்றது, சாயங்காலம் மற்றப் பூக்களைப் போலவே வாடியது. வீராயி சாப்பிடுவதில்லை, உட்காருவதில்லை, நின்ற இடத்தை விட்டு ஓரடி நகருவதில்லை. ஒருத்தியை அப்படி நிற்கச் சொல்லிவிட்டுப் போனவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நாங்கள் திட்டினால் மட்டும் அவளுக்கு முகம் வாடும்.

முகம் வாடுவது என்றால் எங்கள் உங்கள் முகம் வாடுவது மாதிரி இல்லை. வீராயிக்குப் பிடிக்காத காரியம் ஒன்று அவள் கண்ணெதிரே நடந்துவிட்டால், வீராயிக்கு இது பிடிக்கவில்லை என்கிற சங்கதி அக்கம்பக்கத்தில் இருக்கிற அத்தனை பேர் மனசிலும் ஒரே சமயத்தில் வந்து விழும். வாயில் வைத்ததுமே குழம்பில் உப்பில்லை என்று தெரிகிறதே, அந்த மாதிரி, யோசிக்காமலே தெரியும். ஒருத்தி இன்னொருத்தி குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள், விழுந்தது. பால்காரர் அழகர் எத்தனையோ வருஷமாக அந்தக் குழாயடியில்தான் பால் கேனைக் கழுவுகிறேன் என்று தண்ணீர் சேர்த்துக்கொள்வார், அன்றைக்கும் சேர்த்தார், தெருக்கோடியில் இட்லி அவித்துக்கொண்டிருந்தவளுக்குக்கூட அது தெரிந்து கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். பிடித்த காரியம் நடந்தாலும் இப்படித்தான். யாரோ ஒரு கிழவருக்கு யாரோ குடத்தைத் தூக்கிவிட்டால், வீராயிக்கு இது பிடித்திருக்கிறது என்பது நெஞ்சில் வெதுவெதுவென்று இறங்கும். அந்த வெதுவெதுப்புக்கு ஆசைப்பட்டுக் கிழவர்கள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

ஒரு மாதத்தில் குழாயடியில் சண்டை என்பதே இல்லாமல் போயிற்று. ஆனால் மனுஷர்கள் ஒரே மாதத்தில் திருந்திவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்களைத் தெரியாது. தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, கழிவுநீர் வாய்க்காலை ஒட்டிப் போவது, முன்பெல்லாம் நாய்கூட அதில் போகாது. அழகர் தன் கேனை அந்தப் பக்கத்துக் கைப்பம்பில் கழுவ ஆரம்பித்தார். வீட்டில் சொல்லாமல் சீட்டாடப் போகிறவர்கள் அந்த வழியாகப் போனார்கள். பெண்ணுக்கு வயசைக் குறைத்துச் சொல்லி மாப்பிள்ளை தேடுகிறவர்கள், பார்க்க வந்தவர்களை அந்த வழியாகவே அழைத்துவந்து அந்த வழியாகவே அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் பின்சந்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடையே வந்துவிட்டது. மற்ற நேரங்களில் நாங்கள் வீராயி முன்னால் நிமிர்ந்து நடந்தோம், அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எங்களில் யாரையும் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது குருசங்கரின் அம்மா சண்முகக்கனி வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

சண்முகக்கனி காலண்டர் கம்பெனியில் தகரப் பட்டை அடிக்கிறவள். புருஷன் பட்டாசுக்கு மருந்து கலக்கிற ஷெட்டில் வெடித்துச் செத்தபோது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை ஒற்றை ஆளாக வளர்த்தாள், டிப்ளமா படிக்கவைத்தாள், தீபாவளிக்கு முந்தின மாதங்களில் பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன்கள் தெருவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிச் சொல்லுவாள்: "அந்த வாசல மிதிச்சேன்னு தெரிஞ்சா, அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. எம் மூஞ்சில முழிக்காத." அவன் சிரித்துக்கொண்டே சரிம்மா என்பான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று அவள் குழாயடியில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, செல்போன் கடை வைத்திருக்கிற நவநீதனுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்தான், வீட்டுக்கு வந்தால் பழைய உதிரிகளை வைத்து அவனே சேர்த்துக் கட்டின கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவான். அவள் சோற்றுத் தட்டோடு பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். காடும் மலையும் கோட்டையுமாக வரும், தாடி வைத்த ஒரு ஆள் போவான், அவன் பின்னாலேயே சிவப்பு முடி வைத்த ஒரு பெண் போவாள். யாருடா அந்தப் பிள்ளை, எப்பப் பார்த்தாலும் உன் பின்னாலயே வருது என்று கேட்பாள்.

போன தீபாவளிக்கு முன்னால் கோவில்பட்டியில் தங்கை மகளுக்குச் சடங்கு வந்தது. குருசங்கரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, சேவுப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்து, அங்கனயே ரெண்டு நாளு இரும்மா, நாளைக்கு நானும் வந்துர்றேன் என்று அனுப்பிவைத்தான். மறுநாள் பனங்காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் போட்டிருந்த ஒரு தகர ஷெட் வெடித்தது. அவன் கொஞ்ச நாளாகவே அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறான். சடங்கு வீட்டிலிருந்து பட்டுச்சேலையோடு வந்து இறங்கினவளை, அவனைக் கட்டிக் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க நாங்கள் விடவில்லை. அவள் அழவும் இல்லை. எம் பேச்சத் தட்டிட்டானே, எம் பேச்சத் தட்டிட்டானே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். படத்துக்கு மாலை போட்டு மாட்டினார்கள். அவள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தாள், படுத்தாள், எழுந்தாள். மகன் போன துக்கத்தைவிட மகன் ஏமாற்றிவிட்டுப் போன கோபம் பெரிதாக இருந்தது அவளுக்கு, அதைப் பார்க்க எங்களுக்குப் பயமாகவும் இருந்தது.

நவநீதன்தான் வீராயியை அடையாளம் கண்டுபிடித்தவன். கடை வேலையாக மதுரைக்குப் போய் மாதத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தவன், தெருமுனையில் வண்டியை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேரே சண்முகக்கனி வீட்டுக்குப் போய், பெரியம்மா, சங்கரோட விரேயா வந்து நிக்கிறா என்றான். அவள் எழுந்து வந்தாள். குழாயடியில் நின்று அந்தப் பெண்ணை முன்பக்கமாகப் பார்த்தாள். அதுவரைக்கும் விளையாட்டில் அவள் பார்த்ததெல்லாம் முதுகையும் பின்னலையும்தான்.

"நீங்க அவுங்கம்மாதான" என்றாள் வீராயி. "பின்னாடி உக்காந்து ரசம் சோறு சாப்புடுவீங்க. வாசன வரும்."

அதன்பிறகு சண்முகக்கனி மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள், வேலை முடிந்ததும் நேரே குழாயடிக்கு வந்தாள். மேடையில் உட்கார்ந்துகொள்வாள், வீராயி நின்றுகொண்டே பேசுவாள். சங்கரு எப்படி ஒரு அநாதைப் பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கினான், எப்படிப் பசியோடிருந்த கிழவனுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்தான், எப்படி ஒரு ராஜாவிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனான் என்று அவனுடைய இழுப்போடும் அவனுடைய உச்சுக்கொட்டலோடும் அவள் சொல்லச் சொல்ல, சண்முகக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள். எம் புள்ள அப்படித்தான் என்பாள். வீராயியிடத்தில் அவன் இன்னும் பேச்சைத் தட்டாத பிள்ளையாக இருந்தான், இன்னும் வந்துகொண்டே இருந்தான். அவன் செத்துப்போனதை வீராயியிடம் சொல்லவேண்டாம் என்று நாங்கள் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் ஒருத்தரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர்களைப் பின்சந்து வழியாக அழைத்துப்போனோம்.

தை பிறந்து வெயில் ஏறினபோதுதான் அவளுக்கு நிறம் போக ஆரம்பித்தது. முதலில் கண்டவர்கள் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள். வெயிலில் தொங்கவிட்ட போஸ்டரில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் போகும், நீலம்தான் கடைசி வரைக்கும் நிற்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வீராயியின் முடியில் இருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, உதட்டுச் சிவப்பு போய், தழும்பு மங்கி, வாளின் பிடியில் இருந்த மஞ்சள் காணாமலே போனது. கவுன்சிலர் போட்ட பேனர் கூரைக்கு மேல் தார்ப்பாய் போட்டுப் பார்த்தோம். ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிற ஒருவர் வார்னிஷ் பூசலாமா என்றார், இன்னொருவர் லேமினேஷன் போட்டால் நிற்கும் என்றார், அவரை அடிக்கப் போனோம். சித்திரை வெயில் வந்தால் ஆள் தாங்க மாட்டாள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. வீராயியிடம் கேட்டதற்கு, அதுனால என்ன, அவன் வந்ததும் சரியாயிரும் என்றாள்.

இதற்கு ஒரு வழி பண்ணு என்று சண்முகக்கனி நவநீதனைக் கூட்டிவந்து மகனுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். தூசி தட்டித் திறந்தான். குருசங்கர் கடைசியாக எங்கே நிறுத்திவிட்டுப் போனானோ அந்த இடம் வந்தது. தாடி வைத்த ஆள் ஒரு ஆற்றங்கரை ஊருக்குள் தனியாக நின்றான். நவநீதன் அவனைத் திருப்பி நடத்தி, வீராயியை நிறுத்தியிருந்த பாலத்து முகப்புக்குக் கொண்டுபோனான். அங்கே அவள் இல்லை. வா என்று கூப்பிட்டுப் பார்த்தான், அங்கே கூப்பிட்டது இங்கே குழாயடியில் நிற்கிறவளுக்குக் கேட்கவில்லை.

எதுக்குடா அவளை அங்கே நிறுத்தினான் என்று சண்முகக்கனி கேட்டாள். சண்டை போட்டார்களா, அவளைப் பிடிக்காமல் போய்விட்டதா என்றாள்.

நவநீதன் விளையாட்டின் சூட்சுமத்தைச் சொன்னான். இதில் நாம்தான் தலைவன், கூட்டாளிகள் நம் கூடவே வருவார்கள். நாம் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் அவர்கள் பார்த்துக்கொண்டே வருவார்கள், பிடித்தால் நம் மேல் பற்று ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். நிறைய ஏறினால் நமக்காக உயிரைக் கொடுப்பார்கள், ரொம்ப இறங்கினால் நட்ட நடுக்காட்டில் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பி வருவதே இல்லை. வீராயி ரொம்ப நேர்மைக்காரி, அவள் மனசைச் சம்பாதிப்பது லேசில்லை, சங்கர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து நடந்து அவளுடைய பற்றை முழுசாக ஏற்றி வைத்திருந்தான். ஆனால் கதை நகரவேண்டுமானால் சில இடங்களில் கெட்ட காரியமும் செய்துதான் ஆகவேண்டும். அந்த ஆற்றங்கரை ஊரில் படகுக்காரர்களைச் சுங்கக்காரனிடம் காட்டிக்கொடுத்தால்தான் கோட்டைச் சாவி கிடைக்கும். அந்த மாதிரி நேரத்தில் விளையாடுகிறவர்கள் எல்லோரும் பண்ணுகிற வேலை ஒன்று உண்டு. கூட்டாளியை முன்னாலேயே எங்கேயாவது நிறுத்திவிடுவது, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்து மறுபடியும் கூட்டிக்கொள்வது. பார்க்காத காரியத்துக்குப் பற்று இறங்காது.

"பிடிக்காதவங்கள நிறுத்த மாட்டோம் பெரியம்மா" என்றான் நவநீதன். "அவுங்க என்ன நெனச்சா நமக்கென்ன. ரொம்பப் பிடிச்சவங்களத்தான் நிறுத்திட்டுப் போவோம்."

சண்முகக்கனி அந்த வெறும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஜன்னலும் சேவுப் பொட்டலமும் அவளுக்கு நினைவு வந்திருக்கும் என்று நவநீதன் எங்களிடம் பிறகு சொன்னான். வீராயியை நகர்த்த வேறு வழியே இல்லையா என்று மட்டும் அவள் கேட்டாள். ஒன்றுதான் இருக்கிறது என்றான் அவன். நிறுத்திவிட்டு எதற்குப் போனான் என்கிற உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் பற்று அறுந்துவிடும், அறுந்தால் அவளால் நடக்க முடியும், போய்விடுவாள். அப்புறம் எந்தக் காலத்திலும் வர மாட்டாள். சொல்லாவிட்டால் நிற்பாள், நிறம் இருக்கிற வரைக்கும்.

இதைச் சொல்ல நவநீதனுக்கு வாய் வரவில்லை, எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை, பெற்றவளைத் தவிர யாருக்கு உரிமை இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டோம். அவளோ தள்ளிப்போட்டாள். மாசி போயிற்று. தினமும் வந்து உட்கார்ந்து, அநாதைப் பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கின கதையை இன்னொரு தடவை சொல்லு என்பாள். வீராயி முழுக்க நீலமாகிவிட்டிருந்தாள், கதையில் அங்கங்கே அவளுக்கு மறதி வந்தது, ராஜாவின் பேர் போய்விட்டது, ரொட்டியா கிழங்கா என்று குழம்பினாள். வீராயி போய்விட்டால் இந்தப் பூமியில் சண்முகக்கனியின் மகன் வருவான் என்று காத்திருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போகும், அவனை நல்லவன் என்று சொல்ல ஒரு வாய்கூட இருக்காது. ஒரு நாள் வீராயியின் தோள் வழியாகப் பின்னால் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் தெரிந்தது. அன்றைக்குச் சண்முகக்கனி மேடையில் உட்காரவில்லை, எதிரே போய் நின்றாள்.

தண்ணீர் வருகிற நாள் அது, சாயங்கால வெயில், தெருவே குடங்களோடு நின்றது.

"அவன் வரமாட்டான் வீராயி" என்றாள். "செத்துப்போயிட்டான். மருந்து ஷெட்டுக்கு வேலைக்குப் போனான். போகாதன்னு நான் சொல்லிருந்தேன்."

வீராயி அவளைப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் வந்து முதல் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் அதை நகர்த்தவில்லை.

"எனக்குப் பிடிக்காதுன்னுதானா என்னைய நிறுத்துனான்?"

"அங்க படகுக்காரங்களக் காட்டிக்குடுக்கப் போனான், உனக்குப் பிடிக்காது. இங்க ஷெட்டுக்குப் போனான், எனக்குப் பிடிக்காது. அதான் உன்னைய இங்கன நிக்க வச்சான், என்னையப் பஸ் ஏத்திவிட்டான்."

வீராயிக்கு இது பிடிக்கவில்லை என்பது எங்கள் மனசில் விழுந்தது. எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது, அழகரின் பாலுக்கு விழுந்தது, குடத்தைத் தள்ளினதற்கு விழுந்தது, இந்த மாதிரி விழுந்ததில்லை. கையில் பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவன் போன காரியத்தைவிட, தன்னை விட்டுவிட்டுப் போனதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"நாலு நாளு பேசாம இருந்திருப்பேன்" என்றாள் வீராயி. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பின்னாலயே நடந்து போயிருப்பேன். அவ்வளவுதானம்மா. நானும் கூட இருந்திருந்தா தீக்குள்ள இருந்து அவனத் தூக்கிட்டு வந்திருப்பேன். அதுக்குத்தான என்னையச் சேத்துக்கிட்டான்."

சொல்லிவிட்டு, இத்தனை மாதமாக நகராத காலை எடுத்து மேடையிலிருந்து கீழே வைத்தாள். ஈரத்தில் வழுக்கியது, ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு நடந்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, அச்சகத்தின் காகிதக் கழிவுகளைத் தாண்டி, பனங்காட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். அவளோடு யாரும் போகவில்லை. திரும்பிப் பார்ப்பாள் என்று சண்முகக்கனி நின்றாள், அவள் பார்க்கவில்லை.

சண்முகக்கனி வீட்டுக்கு நடந்தாள், நாங்களும் பின்னாலேயே போனோம், வாசலோடு நின்றுவிட்டோம். கதவு திறந்தே கிடந்தது. இத்தனை நாள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சுவருக்கு முன்னால் போய் அவள் நேரே நின்றாள், மகனுடைய முகத்தைப் பார்த்தாள், திட்டத் தொடங்கினாள். ஏலே களவாணிப் பயலே என்று ஆரம்பித்தாள். எவ்வளவு தைரியம் இருந்தால் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு அந்த வாசலை மிதிப்பாய் என்றாள், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாயே படுபாவி என்றாள், உன் அப்பன் போன வழியில் போக உனக்கு எந்தக் கால் முதலில் எழுந்தது என்றாள், மூஞ்சியில் முழிக்காதே என்று ஒரு கிறுக்கச்சி சொன்னால் அதை மெய்யென்று நம்பிவிடுவாயா, உன் மூஞ்சியைப் பார்க்காமல் நான் எப்படிடா இருப்பேன், கோபத்தில் சொன்னதற்கும் மனசில் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாமலா உன்னை இத்தனை வருஷம் வளர்த்தேன் என்றாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றி அடித்திருப்பேன், அழுதிருப்பேன், ரெண்டு நாள் சோறு உண்ணாமல் கிடந்திருப்பேன், அப்புறம் உன் கூடவே அந்த ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பேன்டா என்றாள். எங்களுக்கு அழுகை வந்தது, அவளுக்கும் வந்தது, அழுதுகொண்டே திட்டினாள், திட்டுவதற்கு மூச்சில்லாமல் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அவன் எந்தத் திட்டுக்குப் பயந்து அவளை ஊருக்கு அனுப்பினானோ அந்தத் திட்டு முழுவதையும் ஒன்று மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்தாள். பிறகு உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து படத்துக்குக் கீழே வைத்துச் சோற்றைப் போட்டாள், ரசத்தை ஊற்றினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி வா" என்றாள். "கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."